டெனிஸின் ரிவால்வரில் நான் கண்ட குறை

1

ஐம்பத்து நான்கு வயதில், ஒரு குளிர்காலம் முழுக்க, கேஸ் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ரிவால்வர் சுடப் பழகியவன் நான். இதை எங்கேயும் எழுதக் கூடாது என்று கோமதி சொல்லியிருக்கிறாள். கோமதி என் மனைவி. லைட்டரும் அவளுடையதுதான், போன முறை ஊருக்குப் போனபோது ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பாத்திரக்கடையில் வாங்கி, பெட்டியில் துண்டு சுற்றி எடுத்து வந்தது. இங்கே மிச்சிகனில் எங்கள் வாடகை வீட்டு அடுப்பின் தானியங்கிப் பொறி செத்து நாளாகிறது. வீட்டு உரிமையாளரிடம் புகார் எழுதினால் பதில் வரும், பொறி வராது.

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ரிவால்வரின் விசை கனமாக இருக்கும், ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக வர வேண்டும் என்று இணையத்தில் ஒருவர் சொன்னார். அவருக்குத் தாடி இருந்தது, நம்பினேன். கேஸ் லைட்டரும் கனமாகத்தான் வரும். சோபாவில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் குறிபார்த்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, லைட்டர் எங்க? பால் வைக்கணும்."

"இரு, இன்னும் கொஞ்சம்."

"அடுப்ப பத்த வச்சிட்டுத் தரேன், அப்புறமா எவ்ளோ வேணா சுட்டுகினு கெடங்க."

நான் வீரப் பரம்பரை இல்லை. தீபாவளிக்குத் தெருவே சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு புத்தகம் படித்தவன். ஆரணியில் நான் பக்கத்தில் போய்ப் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவரின் இரட்டைக்குழல். அதன் முனையில் அவர் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவனுக்கு ஏன் ரிவால்வர் என்றால், எல்லாம் மகளுக்காக.

அமுதாவுக்கு இருபத்தாறு வயது. மூன்று மணி நேரத் தொலைவில் வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஒரு மொழி வேண்டும். அவளுடைய தமிழ் பத்து வயதோடு நின்றுவிட்டது. என் ஆங்கிலம் ஆபீஸைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவாள். "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பாள். "இருக்காரு" என்பாள் கோமதி. அந்த உரையாடலில் என் பங்கு அதோடு முடியும்.

ஒரு ஞாயிறு, போனை அப்பாவிடம் கொடு என்றாள். நான் பயந்துவிட்டேன். ஆண்ட்ரூ என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக முன்பே சொல்லியிருந்தாள். அந்தப் பையனின் பெற்றோர் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்களாம்.

"ஆண்ட்ரூவோட அப்பா டெனிஸ். அவர் சின்ன ரிவால்வர் எல்லாம் சேர்த்து வைப்பார். அதைப் பத்திக் கேளுங்க, அவருக்குப் பிடிக்கும். நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்பா."

அது போதும் என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் முடித்தவனிடம் ஒரு தலைப்பைக் கொடுத்தால் அது அவனுக்குப் பாடத்திட்டம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. நன்றாக எழுதினால் மகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் இரண்டு நாற்காலி. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ரிவால்வர் என்றால் சினிமாவில் வில்லன் இடுப்பிலிருந்து எடுப்பது. ஆர்வலர்களின் உலகம் வேறு. அவர்கள் சுடுவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பொருத்தம், வழவழப்பு, இடைவெளி என்றுதான் பேசுகிறார்கள். அதைப் படிக்கப் படிக்க எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, அதுதான் வினை.

சின்ன ரிவால்வரில் குண்டுகள் உட்காரும் உருளைக்குப் பெரும்பாலும் ஐந்து ஓட்டைதான். ஆறாவதைத் தியாகம் செய்தால் உருளை மெலியும், சட்டைப்பைக்குள் புடைக்காது. விசையை அழுத்தும்போது அந்த உருளை சுழன்று, அடுத்த ஓட்டை குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். குண்டைத் தட்டும் சுத்தியல் விழுவதற்கு முன்பே அது வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். மயிரிழை ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருளைக்கும் குழலுக்கும் நடுவே தெரியும் கீற்று எவ்வளவு மெல்லியது என்று பார்ப்பார்கள். விளிம்புகளைத் துணியால் தடவுவார்கள். எங்கேயும் நூல் மாட்டக் கூடாது. பக்கவாட்டுத் தகடு உடலோடு சேரும் கோடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேலே ஏற்றிய கருநீல மெருகு கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமாக இருக்க வேண்டும்.

எடை விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் தீராத சண்டை. எடை குறைந்தால் நாளெல்லாம் பையில் இருப்பதே தெரியாது. ஆனால் சுடும்போது மணிக்கட்டை உதைக்கும். கனமாக இருந்தால் உதைக்காது. ஆனால் யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஆரணிப் பட்டா, காஞ்சிபுரமா என்று எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் அப்படியே இதுதான். உதை ஒன்றுதான் கிடையாது.

இந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்று அங்கே ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. நான் பிறந்த ஊரில் பட்டைப் பற்றி நாளெல்லாம் பேசுவோம், ஒருவரும் பட்டுப்புழுவைப் பற்றிப் பேசியதில்லை.

3

படிப்பு மட்டும் போதாது, செய்முறையும் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கூடத்துக்குப் போனேன். கோமதி துணைக்கு வந்தாள். துணைக்கு என்றால், நான் கீழே விழுந்தால் காரை ஓட்டிக்கொண்டு வருவதற்கு.

கூடத்துக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "வாங்க ஏழுமலை" என்றார். ஏழுமலை என் அப்பா. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்ன நாளிலிருந்து இந்த நாடு என்னை என் அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறது. வங்கியில், ஆஸ்பத்திரியில், முந்தைய வேலையிலிருந்து எடுத்தபோது கொடுத்த கடிதத்தில், எல்லா இடத்திலும் அவர்தான். ஆரணியைத் தாண்டி வேலூருக்குப் போனாலே தலைசுற்றும் மனிதர், செத்தபிறகு அமெரிக்காவில் துப்பாக்கி சுட வந்துவிட்டார்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். உனக்கு மனநிலை சரியில்லை என்று எப்போதாவது யாராவது தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. பேனா அங்கே வந்து நின்றது.

"இன்னா யோசிச்சிகினு கீறீங்க? இல்லன்னு போடுங்க," என்றாள் கோமதி. "நான் சொல்றதெல்லாம் கோர்ட்டுல எடுத்துக்க மாட்டாங்க."

வாடகைக்கு ஒரு சின்ன ரிவால்வர் கொடுத்தார்கள். முதல் வெடிக்கே என் கண்கள் இரண்டும் தாமாக மூடிக்கொண்டன, ஐந்தும் தீரும்வரை திறக்கவில்லை. குறிக்கு மாட்டியிருந்த காகிதத்தை இழுத்துப் பார்த்தபோது அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது பக்கத்துப் பெண்மணி தவறுதலாக என் காகிதத்தில் சுட்டது என்று அவரே வந்து மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் பொருளைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன். உருளையை அசைத்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், விளிம்பைத் தடவினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. சுடத் தெரியாதவன் விமர்சகனாகும் கட்டம் அது.

4

இங்கே என் கல்யாணக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பாவுக்கு ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் வேலை. நெசவாளர்கள் நெய்து கொண்டுவரும் சேலையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கம் திருப்பி, குறை சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஒரு சேலையையும் அவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவும் கூடாது. அப்படிச் சொன்னால் கொண்டுவந்தவர் முகம் வாடிவிடும். சரியாகப் பார்க்கவில்லை, அல்லது எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று அர்த்தம். அப்பா கரையோரம் ஒரு இழையைச் சுட்டிக்காட்டி, "இங்க கொஞ்சம் தளர்ந்துகினு கீதே," என்பார். நெசவாளர், "அது உன் கண்ணு தளர்ந்துகினு கீது ஏழுமல, கண்ணாடிய மாத்து," என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். டீ வரும். ஒரே ஒரு குறை என்றால் மற்றதெல்லாம் தேறிவிட்டது. எங்கள் ஊரில் பாராட்டு அந்த வழியாகத்தான் வரும்.

கோமதி களம்பூர்க்காரி. அவள் அப்பா அரிசி மில்லில் கணக்குப் பார்த்தவர். பெண் பார்க்கப் போனபோது சாப்பாடு போட்டார்கள். களம்பூர் அரிசி, கேட்கவா வேண்டும். அப்பா முதல் கவளத்தை மென்றுவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "அரிசிய கொஞ்சம் ஜாஸ்தி தீட்டிட்டாங்க போல," என்றார். எனக்கு உயிர் போயிற்று. கோமதியின் அப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"ஆமாங்க சம்பந்தி. பட்டு மாதிரி இருக்கட்டும்னு தீட்டச் சொன்னேன். ஆரணிக்காரங்க வர்றாங்க இல்ல?"

சம்பந்தி! அதுவரை யாரும் சம்மதம் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிவாகிவிட்டது. நான் குடித்தனம் நடத்துவதே ஒரு குறை சொல்லப்பட்டதால்தான்.

ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு சம்பந்தி சந்திப்பைப் பார்த்திருந்தால், இரண்டாவதை எப்படி நடத்துவான்?

5

டெனிஸ் வீடு ஏரியோரம் இருந்தது. போவதற்கு முன் ஆரணியிலிருந்த அக்காவிடம் போனில் சொன்னேன்.

"துப்பாக்கி வச்சிகினு கீறாரா? இன்னாடா சொல்ற, போலீஸா?"

"இல்லக்கா. பல் டாக்டர். ரிட்டையர் ஆயிட்டாரு."

"பல்லு டாக்டருக்கு எதுக்குடா துப்பாக்கி? காசு குடுக்காம ஓடறவன சுடவா? நீ ஜல்தியா சாப்ட்டு கெளம்பிடு."

டெனிஸ் உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் மனைவி லிண்டா எங்களுக்காகவென்று மிளகாய் போட்டு ஏதோ செய்திருந்தார்; கண்ணில் தண்ணீர் வந்தது, எங்களுக்கல்ல, அவருக்கு. அமுதா சிரித்தாள். ஆண்ட்ரூ கோமதிக்குத் தண்ணீர் ஊற்றினான். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.

சாப்பிட்டபின் நான் ஆரம்பித்தேன். ஐந்து ஓட்டையா ஆறா, எடை குறைவா கூடவா என்று கேட்டேன். டெனிஸின் முகம் மலர்ந்தது. பேசினோம். உண்மையில் நான்தான் பேசினேன். இரண்டு மாதப் படிப்பு மடை திறந்துகொண்டு வந்தது. நடுவில் அமுதா இரண்டு முறை "அப்பா" என்றாள். இரு, இதை முடித்துவிடுகிறேன் என்று கைகாட்டினேன்.

டெனிஸ் உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். சின்ன ரிவால்வர். கருநீலம். உருளையை வெளியே தள்ளி, காலி என்று எனக்குக் காட்டி, திறந்தபடியே என் கையில் வைத்தார். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, பல் ராவும் அரங்களை வைத்தே ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்தாராம். லிண்டா சொன்னார். வெளியாட்களிடம் இதைக் காட்டியதில்லை என்றும் சொன்னார்.

நான் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அனுமதி கேட்டு, உருளையை மூடி, வெளிச்சத்தில் பிடித்தேன். அசைத்தேன். தடவினேன். பின்பக்கம் திருப்பினேன். அழகான பொருள். அப்போது நான் 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமுதா என்னிடம் கேட்டதும் அந்த ஒன்றுதான்.

"உருளை இந்த ஓட்டையில் கொஞ்சம் ஆடுகிறது," என்றேன். "பக்கத் தகடு சேரும் கோடும், இந்தத் திருகாணிக்குப் பக்கத்தில், லேசாகத் தெரிகிறது."

சொல்லிவிட்டுப் புன்னகையோடு நின்றேன். இனி அவர் முறை. உன் கண்ணாடியை மாற்று என்று சொல்ல வேண்டும். நான் சிரிக்க வேண்டும். அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டும், அல்லது இந்த நாட்டில் அதற்கு ஈடாக என்ன உண்டோ அதைச் சொல்ல வேண்டும். காத்திருந்தேன். இது இரண்டு பேர் ஆடும் நாடகம், அதில் பாதி வசனத்தை அவருக்கு யாருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் எனக்கு உறைத்தது.

"அப்படியா," என்றார் டெனிஸ். கையை நீட்டினார். கொடுத்தேன். வெள்ளைத் துணியில் சுற்றினார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, காப்பி வேண்டுமா என்று கோமதியிடம் கேட்டார்.

கார் நின்ற இடம் வரை அமுதா வந்தாள். "அப்பா, ஏன் நல்லா இருக்குன்னு சொல்லல?" என்றாள். களம்பூர் அரிசியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தீட்டுவது, சம்பந்தி, இழை தளர்வது, இதையெல்லாம் அவளுடைய பத்து வயதுத் தமிழிலும் சொல்ல முடியாது, என்னுடைய ஆபீஸ் ஆங்கிலத்திலும் சொல்ல முடியாது. "நல்லாத்தான் இருந்தது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினேன். பாதி வழியில் கோமதி வாயைத் திறந்தாள்.

"உங்கப்பா சொன்னாருன்னா அது அவரு வேலைங்க. நீங்க கம்ப்யூட்டர்தானே படிச்சீங்க?"

6

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோமதியின் போனுக்கு நான்கு போட்டோக்கள் வந்தன. நீதிமன்றப் படிக்கட்டில் அமுதா வெள்ளை கவுனில், ஆண்ட்ரூ சாம்பல் நிறக் கோட்டில். இரண்டு பக்கமும் டெனிஸும் லிண்டாவும். கீழே ஒரு வரி: சின்னதாக முடித்துவிட்டோம், சாட்சிக்கு இரண்டு பேர் போதும் என்று சொன்னார்கள்.

கோமதி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மகளின் கழுத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஆரணியில் அக்கா அமுதாவுக்கென்று எடுத்து வைத்திருந்த கூரைப்புடவையைப் பற்றி நாங்களாகக் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள், வந்தவாசியில் அவள் நாத்தனார் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். "அது பாட்டுக்கு மடிப்புலயே கெடந்து நைஞ்சி போயிடும்டா. கட்டிக்கிற பொண்ணு கட்டிக்கட்டும்."

டெனிஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். ஆரணி, பட்டு, வெளிச்சம், குறை சொல்வதன் பொருள் எல்லாவற்றையும் விளக்கினேன். நன்றி என்று பதில் வந்தது, கீழே ஏரியின் படம் ஒன்று. அமுதா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். அப்பா நல்லா இருக்காரா என்கிறாள். இருக்காரு என்கிறாள் கோமதி.

இந்த வாரத்தோடு கல்யாணமாகி ஒரு வருஷம். போன் அந்தப் படிக்கட்டுப் படத்தைத் தானாக எடுத்துக் காட்டியது. இந்த ஒரு வருஷமாக எனக்கு அந்த ஜன்னலோரம்தான். வேலைக்குப் போகும்போதும் பனி வாரும்போதும் அந்த ரிவால்வரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நல்லா இருக்கு என்று சொல்லிப் பார்ப்பேன். அவர் சிரிப்பார். படிக்கட்டில் எங்களுக்கும் இடம் இருக்கும். கோமதி மகளின் தலையில் பூ வைப்பாள். ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிவான குடும்பத்தில் பிறந்தவன், ஒரு வார்த்தையில் ஒரு கல்யாணத்தைத் தவறவிட்டான் என்று இந்தக் குறிப்பை முடித்திருந்தேன். எனக்கே கொஞ்சம் திருப்தியாக இருந்த வாக்கியம்.

நேற்று அமுதாவை நானே கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னேன். எழுதியதைப் போனிலேயே வாசித்துக் காட்டினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, கடைசி வரை கேட்டாள்.

"அப்பா, அது துப்பாக்கிக்காக இல்லப்பா," என்றாள். "கோர்ட்டுல தேதி நாங்க முன்னாடியே வாங்கிட்டோம். சாட்சிக்கு அவங்க ரெண்டு பேர் பேரையும் அப்பவே குடுத்துட்டோம். நீங்க டெனிஸ் வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி."